சென்னையில் பிளம்பர் கூலி அதிகம்தான், மிச்சம் எவ்வளவு?

தினக்கூலியை மட்டும் வைத்து ஊர் மாறாதீர்கள். மாதம் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: தென்காசிப் பக்கம் 850 ரூபாய், 20 நாள் என்றால் 17,000. டீ, டிபன் 1,200, பெட்ரோல் 1,500 போக மிச்சம் 14,300. சென்னையில் 1,200 ரூபாய், 22 நாள் என்றால் 26,400. பங்கு ரூம் வாடகை 3,000, சாப்பாடு 6,000, பஸ் 1,100, ஊருக்கு ஒருமுறை போய்வர 1,000. மிச்சம் 15,300. கூலியில் 350 ரூபாய் வித்தியாசம், மாதக் கடைசியில் கையில் ஆயிரம்தான் கூடுதல்!

பலரும் தவறுவது சாப்பாட்டில். வேலை 22 நாள், பசி 30 நாள். நவம்பர் மழையில் வேலைநாள் குறைந்தாலும் வாடகை குறையாது.

பாயிண்ட் கணக்கில், அதாவது ஒரு குழாய் இணைப்புக்கு இவ்வளவு என்று, ஒப்பந்தம் என்றால் சுவர் வெட்டுவது யார், பிளாஸ்டிக் பைப் ஒட்டும் சிபிவிசி பசை, மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் யார் செலவு என்று முன்பே பேசிவிடுங்கள். பைப் போட்டு, கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன்பே, ஒரு தவணையை வாங்கிவிடுவது நல்லது. குழாய் மாட்டும் வரை காத்திருந்தால் பணம் மாதக்கணக்கில் முடங்கும், வாடகைக்குக் கடன் வாங்க வேண்டிவரும்.