மும்பையில் போனைப் பறிகொடுத்தால்: கடலோர ஹாஸ்டலில் மனசை ஆற்றிக்கொள்வது எப்படி

ஒரு வருஷம் காசு சேர்த்து, மும்பையில் இரண்டு நாள், அங்கிருந்து ராஜஸ்தான் என்று கிளம்பி வந்தேன். குர்லா லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கிப் பையைத் திறந்தால் போனும் இல்லை, பர்ஸும் இல்லை. கல்யாண் ஸ்டேஷன் தாண்டும்போது போனில் மணி பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதே நிலையில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேராகக் கடற்கரைக்கு ஓடாதீர்கள். பாதி வேலையை விட்டுவிட்டுப் போனால் அலையைப் பார்த்தாலும் மனசு பேங்க் அக்கவுண்டிலேதான் நிற்கும். முதலில் யாரிடமாவது போன் வாங்கி பேங்குக்கு அழைத்து கார்டு, யுபிஐ எல்லாவற்றையும் முடக்குங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ரயிலில் தொலைந்தது என்றால் ரயில்வே உதவி எண் 139-ல் சொல்லலாம், ஸ்டேஷனிலேயே ரயில்வே போலீஸிடம் புகார் எழுதிக் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர் என்று கேளுங்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம். புகார் நகலைக் கையில் வாங்காமல் நகராதீர்கள், சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் போனை முடக்க அது வேண்டும். அதற்குக் கேட்கும் ஐஎம்இஐ நம்பர், அதாவது போனின் அடையாள எண், போன் பெட்டியில் இருக்கும், வீட்டில் யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் அதே நம்பரில் புது சிம். வெளிமாநில நம்பர் என்றால் அங்கே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். என் நம்பர் முன்பு மும்பையில் வேலை பார்த்தபோது வாங்கியது என்பதால் சிக்கல் வரவில்லை. ஆனால் சிம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியானால், மாற்றிய சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்கிறார்கள். எஸ்எம்எஸ் இல்லை என்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லை என்றால் ஒரு வேலையும் நடக்காது. அந்த ஒரு நாளைத்தான் கடலோரத்தில் கழிக்கச் சொல்கிறேன்.

தாராவியில் இருக்கும் அத்தையின் நம்பர் மனப்பாடமாக இருந்ததால் பிழைத்தேன். "ஏல, பேசாம வீட்டுக்கு வந்துரு, அங்க தனியாக் கிடந்து என்ன செய்யப்போற?" என்றாள். போய்ச் சாப்பிட்டேன், மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கினேன், ராத்திரி தங்கவில்லை. அத்தையின் பாசத்தில் குறை இல்லை, ஆனால் வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் எப்படித் தொலைந்தது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஹாஸ்டலில் யாரும் கேட்க மாட்டார்கள், அன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மெட்ரோவில் வெர்சோவா ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கடல் பக்கம்தான். போகும் முன் ஹாஸ்டலுக்குப் பேசிவிடுங்கள். பல இடங்களில் உள்ளூர் முகவரி உள்ள ஐடியை ஏற்பதில்லை, ஐடியே தொலைந்தவர் என்றால் ஆதார் நகலும் போலீஸ் புகாரும் போதுமா என்று கேட்க வேண்டும். டார்மிட்டரியில் கீழ்ப் படுக்கையாகக் கேளுங்கள். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே ஒன்று தொலைந்த மனசுக்கு அந்தச் சாவி இடுப்பில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

இனி கடல். திருச்செந்தூர்க் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது வேறு கடல். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது, சூரியன் கடலிலிருந்து எழும். இங்கே சூரியன் கடலில் இறங்கும், சில நாட்களில் தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் அலை அடித்த இடத்தில் மத்தியானம் ஈர மணல் கிடக்கும், படகுகள் சாய்ந்து நிற்கும். ஏற்றத்தை மராத்தியில் பர்த்தி என்பார்கள், வற்றத்தை ஓஹோட்டி. மட் தீவுக்குப் படகு போகும் ஜெட்டியில் யாரைக் கேட்டாலும் அன்றைய பர்த்தி நேரம் சொல்வார்கள்.

அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் போய் நில்லுங்கள். இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் முடிய ஏறக்குறைய 24 மணி 50 நிமிடம் ஆகும், எஸ்எம்எஸ் வருவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவரை பயணத்தை ரத்து செய்வதா தொடர்வதா என்று முடிவெடுக்காதீர்கள். தொலைந்த அன்று ராத்திரி எடுக்கும் முடிவு கோபத்தில் எடுப்பது. ராத்திரி ஏற்றத்தை மட்டும் ஹாஸ்டல் திண்ணையிலிருந்தே கேளுங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம். பக்கத்து அக்ஸா கடற்கரையில் பகலில்கூட வேண்டாம், அங்கே இழுப்பு பொல்லாதது, எத்தனையோ உயிர் போயிருக்கிறது.

சும்மா உட்கார்ந்தால் மனசு மறுபடி கல்யாணுக்கே போகும், அதனால் கைக்கும் கண்ணுக்கும் ஏதாவது கொடுங்கள். 2015-ல் அப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் இந்த வெர்சோவா கரையில்தான் குப்பை பொறுக்கத் தொடங்கினார். நானும் அரை மணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்கினேன், நன்றாக இருந்தது. மழைக்காலம் இல்லையென்றால் கோளிவாடா என்ற மீனவர் குடியிருப்புப் பக்கம் நடந்து பாருங்கள். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி பொம்பில் மீன் காயப்போட்டிருப்பார்கள். ஒரு அம்மா கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்து, ஒன்றின் தாடையை இன்னொன்றின் தாடையில் மாட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டே போனார். முடிச்சு கிடையாது, கொக்கி கிடையாது. வாடை பலமாக இருக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன், அந்த நேரம் முழுக்கப் போன் ஞாபகமே வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், அத்தை மகன் கொடுத்த பழைய போனில் முதல் எஸ்எம்எஸ் வந்தபோது தண்ணீர் தூரத்தில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கையிருப்பை எண்ணினேன். ஜெய்சல்மரை விட்டுவிட்டு உதய்ப்பூர் மட்டும் போய் வரக் காசு தாராளமாக இருந்தது, அத்தைக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன்.