பேஸ்பால் பட்டிமன்றமும் பழைய கார்ட்டூனும்: கடற்கரையில் ஒரு சாயங்காலம் நடத்தும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வலை பின்னி முடித்த பிறகு சாயங்காலம் நீண்டு கிடக்கும். பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று எங்கே போனாலும் அந்த நேரத்தில் ஓடுவது ஒரே வழக்கு: பிராட்மேனா, டெண்டுல்கரா? அந்தப் பேச்சு எங்கும் போய்ச் சேராது. எல்லோருக்கும் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார், காது மூடியிருக்கிறது. அதே கூட்டத்தைப் பேஸ்பாலில் இறக்கிப் பாருங்கள். பழைய அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்துக்காக இங்கே யாரும் சின்ன வயதில் அழுததில்லை. அதனால் சொல்கிற வாதத்தைக் கேட்பார்கள். ‘எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார்’ என்று பேசிப் பழக இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

பழைய கார்ட்டூன் இதில் எங்கே வருகிறது என்றால், இந்தக் கரையில் பலரும் பேஸ்பால் மட்டையை முதலில் பார்த்தது கார்ட்டூனில்தான். ஆனால் கார்ட்டூனை முதலில் போட்டுவிடாதீர்கள். விதி தெரியாமல் பார்த்தால் பாதி நகைச்சுவை வீணாகிவிடும். முதலில் மணலில் ஆடுகளம், அடுத்து பட்டிமன்றம், இருட்டிய பின் கார்ட்டூன். இந்த வரிசை மாறக் கூடாது.

இடமும் நேரமும்

தடைக்காலத்தின் பின்பாதியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மணல் பறக்கும், மைக்கில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அமைதியாக இருக்கும். ஆகவே தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் வடகரை வசதி. கீழக்கரை, ஏர்வாடி பக்கம் நடத்துவதானால் திறந்த கரை வேண்டாம், ஏதாவது ஒரு சுவரின் மறைவு போதும்.

மாலை 4:45க்கு மணல் வேலை, 5:30க்கு பட்டிமன்றம், 6:10க்கு முடிவு. மே மாதத்தில் 6:30 மணியளவில் சூரியன் மறையும், மஃரிப் தொழுகைக்குப் போகிறவர்கள் போய்வர நேரம் இருக்கும். 7:15க்கு முன் திரையில் படம் தெளிவாக விழாது, எனவே அவசரப்பட வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். 9 மணிக்கே முடிப்பது நல்லது, நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லை, விடியுமுன் எழ வேண்டும்.

மணலில் 38 சென்டிமீட்டர்

வலைக்கயிறு ஒன்றை 27.43 மீட்டருக்கு அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் ஒரு பேஸிலிருந்து, அதாவது ஓடிப்போய்த் தொட வேண்டிய மூலையிலிருந்து, அடுத்ததற்கு உள்ள தூரம், 90 அடி. நான்கு முளை அடித்து சதுரம் போட்டு, ஒரு மூலை பார்வையாளர் பக்கம் வருமாறு வையுங்கள். அந்த மூலைதான் ஹோம் பிளேட், மட்டைக்காரர் நிற்கும் இடம். அங்கிருந்து சதுரத்தின் நடுவை நோக்கி 18.44 மீட்டரில் பந்து எறிகிறவர், அதாவது பிட்ச்சர், நிற்பார். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அதைவிடக் கிட்டத்தில் நின்று, பந்தைத் தரையில் குத்தாமல் எறிகிறார் என்று சொன்னவுடன் முகங்கள் மாறும்.

அடுத்தது முக்கியமானது. பிட்ச்சர் நிற்கும் இடத்தில் ஈர மணலைக் குவித்து 38 சென்டிமீட்டர் மேடு கட்டுங்கள். காய்ந்த மணல் சரிந்துவிடும், அலை நனைத்த மணலைத்தான் கூடையில் அள்ளிவந்து மிதித்து இறுக்க வேண்டும். நல்ல உயரமான பையன் ஒருவனை மேலே ஏற்றி எறியச் சொல்லுங்கள். பிறகு ஒரு பலகையால் வழித்து மேட்டை 25 சென்டிமீட்டருக்கு இறக்கி, அவனையே மறுபடி எறியச் சொல்லுங்கள். பந்து மேலிருந்து இறங்கி வரும் சாய்வு குறைவது கண்ணுக்கே தெரியும்.

இதைத்தான் 1969இல் அமெரிக்காவில் செய்தார்கள். 1968இல் பிட்ச்சர்கள் கை அவ்வளவு ஓங்கியிருந்தது. பாப் கிப்சன் என்ற பிட்ச்சர் ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது 9 இன்னிங்ஸுக்கு, சராசரியாக 1.12 ஓட்டம்தான் விட்டுக்கொடுத்தார். அங்குள்ள இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 0.300 பேட்டிங் சராசரியை (கணக்கு கீழே வருகிறது) தாண்டியவர் ஒரே ஒருவர், கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, அதுவும் 0.301. மறுவருடம் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கினார்கள், பந்து செல்லும் என்று எண்ணப்படும் ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். 1968இன் 0.301ஐயும் வேறொரு வருடத்து 0.301ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை இந்த மணல் மேடு காட்டிவிடும். ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

கரும்பலகைக் கணக்கு

சராசரி என்றதும் கிரிக்கெட் கூட்டம் குழம்பும். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது எத்தனை முறை அடிக்க நின்றார், அதில் எத்தனை முறை நல்ல அடி விழுந்தது என்பதுதான். நான்கில் ஒன்று என்றால் 0.250. பந்து சரியில்லாமல் நடந்தே முதல் பேஸுக்குப் போனால் அது கணக்கில் வராது. பத்துக்கு மூன்று அடித்தால் நல்ல ஆட்டக்காரர். ‘பத்தில் ஏழு தடவை தோற்றவனா நல்லவன்?’ என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டாம், டெட் வில்லியம்ஸ் என்ற மட்டைக்காரரின் கணக்கைப் பலகையில் போடுங்கள்.

1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் அவர் கணக்கு 448க்கு 179. வகுத்தால் 0.39955. முழுமையாக்கினால் 0.400. உட்கார்ந்துவிட்டால் அந்த எண் அவருடையது. அவர் உட்காரவில்லை, அன்று இருந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி 8க்கு 6 அடித்தார். 456க்கு 185. பையன்களில் ஒருவனை அழைத்து அந்த வகுத்தலைப் பலகையில் போடச் சொல்லுங்கள், செல்போன் கூடாது. 0.4057 என்று வரும்போது கூட்டம் அமைதியாகிவிடும். 0.406 என்று எழுதி அடிக்கோடு போடுங்கள்.

தலைப்பைக் கட்டுவது

பட்டிமன்றம் கெடுவது பேச்சாளரால் அல்ல, தலைப்பால். ‘சிறந்தவர் யார்’ என்று மட்டும் வைத்தால் ஒருவர் ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்சர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி) சொல்வார், இன்னொருவர் கோப்பையைச் சொல்வார், சந்திக்கவே மாட்டார்கள். தலைப்பிலேயே மூன்றைத் தீர்த்துவிடுங்கள்: உச்சத்தைப் பார்க்கிறோமா, நீண்ட காலத்தையா, எதிர்த்து ஆடியவர்கள் யார் என்பது கணக்கில் உண்டா, மட்டை மட்டுமா, பந்தும் பீல்டிங்கும் சேர்த்தா? ஒரு நல்ல தலைப்பு: ‘தம் காலத்தவரைவிட அதிக தூரம் முன்னே நின்றவர் பேப் ரூத்தே, வில்லி மேஸே’.

ரூத் அணிக்கு வலுவான சரக்கு 1920. அந்த வருடம் அவர் ஒருவர் அடித்த ஹோம் ரன் 54. அவர் அணி நீங்கலாக அமெரிக்கன் லீகில் எந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்தும் அதை எட்டவில்லை. மொத்தம் 714, சராசரி 0.342. போதாததற்கு, ஆரம்பத்தில் அவர் பிட்ச்சர், 94 ஆட்டங்கள் வென்றவர். ரூத்துக்குப் பிந்தைய தலைமுறைக் கருப்பின ஆட்டக்காரரான மேஸின் அணிக்கு 660 ஹோம் ரன், பீல்டிங்குக்கு 12 தங்கக் கையுறை விருது, ராணுவத்தில் போன 1952இன் பெரும்பகுதியும் 1953 முழுவதும். அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் வேறு: 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கருப்பின ஆட்டக்காரர்களுக்கு மேஜர் லீகில், அதாவது நாட்டின் உச்சப் போட்டியில், இடமே இல்லை. ரூத் எதிர்கொண்ட லீகில் நாட்டின் நல்ல பிட்ச்சர்களில் ஒரு பகுதியினரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கதவுக்கு வெளியே ஆடிய ஜாஷ் கிப்சனின் வாழ்நாள் சராசரி 0.372, 2024இல் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்து டை காப்பின் 0.367ஐ இறக்கி முதலிடத்துக்கு வந்தது. இந்த வாதத்தை மேஸ் அணியின் கடைசிப் பேச்சாளர் கையில் கொடுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றப் பேச்சு எதுவும் எடுபடாது.

ஓர் அணிக்கு மூவர், ஆளுக்கு 4 நிமிடம், மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி. மறுப்புரை ஒவ்வோர் அணிக்கும் 3 நிமிடம், நடுவருக்கு 10. மொத்தம் 40. நடுவர் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருப்பதைவிட, ஊரில் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவராக இருந்தால் நல்லது. எண்ணைக் கேட்டதும் ‘எந்த வருசத்து எண்?’ என்று கேட்பவர் வேண்டும்.

இரண்டு இடத்தில் சபை உடையும். ஒன்று, பேரி பாண்ட்ஸ் பெயர் வரும்போது. 762 ஹோம் ரன் அவருடையது, யாரும் தாண்டவில்லை. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு காரணமாக பேஸ்பால் எழுத்தாளர்கள் பத்து முறை வாக்கெடுத்தும் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழரங்கில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்க்கவில்லை. இதை உள்ளே விட்டால் அன்றைய தலைப்பு போயிற்று. அவருக்கென்று இன்னொரு நாள் ஒதுக்குங்கள், அது ஒரு முழுப் பட்டிமன்றத்துக்குத் தாங்கும். இரண்டு, இளவட்டங்கள் இப்போது ஆடும் ஜப்பானியர் ஓடானியைக் கொண்டுவரும்போது. 2024இல் 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ஒரே பருவத்தில் இரண்டிலும் 50ஐத் தொட்டவர் வேறு எவரும் இல்லை. இதை மறுக்காதீர்கள், ஆடிக்கொண்டிருப்பவரின் கணக்கு மூடவில்லை என்று நடுவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் போதும்.

இன்னொரு பெரிய மட்டைக்காரர் ஹாங்க் ஆரனை யாரும் எடுக்காவிட்டால் நடுவர் தம் பத்து நிமிடத்தில் சொல்லட்டும்: 3771 அடிகள், அதில் 755 ஹோம் ரன். ஹோம் ரன் அத்தனையையும் அழித்துவிட்டாலும் மிஞ்சுவது 3016.

திரை

எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாட்டில் சேர்த்துத் தைத்தால் நல்ல திரை. கம்பு நட்டுக் கட்டினால் பாய்மரம் போல் உப்பிவிடும், படம் வளையும். வலைக்கொட்டகைச் சுவரோடு ஒட்டிக் கட்டி, கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து அதற்குள் ஒரு பிவிசி குழாயைச் செருகுங்கள். சாதாரண புரொஜெக்டருக்குப் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும்: 2.4 மீட்டர் அகலப் படத்துக்கு 3.6 மீட்டர். கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் வையுங்கள், மணலில் வைத்தால் விசிறி மணலை இழுத்துக்கொள்ளும். உப்புக்காற்று கண்ணாடியில் படியும், படம் மங்கினால் பல்பைக் குறை சொல்லும் முன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள்.

முதலில் 1942இல் டிஸ்னி எடுத்த கூஃபியின் பேஸ்பால் பாடம். அடுத்து 1946இல் வந்த பக்ஸ் பன்னி ஆட்டம். முயல் ஒருவனே ஒரு முரட்டு அணியை எதிர்த்து எல்லா இடத்திலும் நிற்பான். மணலில் சதுரம் போட்டவர்கள் இப்போது சரியான இடத்தில் சிரிப்பார்கள். உரிமம் உள்ள தளத்திலிருந்து இறக்கி, முன்னாடியே முழுக்கப் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் சிலவற்றில் கருப்பினத்தவரைக் கேலி செய்யும் உருவங்கள் உண்டு. ராபின்சனைப் பற்றிப் பேசிவிட்டு அதைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது.

பழைய நினைவைக் கிளப்புவது

‘உங்களுக்குப் பிடித்த கார்ட்டூன் எது?’ என்று கேட்டால் ஒரு வார்த்தைப் பதில்தான் வரும். இந்தக் கரையில் கேட்க வேண்டிய கேள்வி: ‘உங்க வீட்டு ஏரியல் எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?’ 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி கடல் தாண்டி இங்கே எடுத்தது. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் ‘வந்துருச்சு, வந்துருச்சு, விடு’ என்று கத்த, சிங்களம் பேசும் கார்ட்டூன் புள்ளி புள்ளியாக வந்ததைப் பெரியவர்கள் அப்படியே நடித்துக் காட்டுவார்கள்.

வயதுக்கு ஒரு வாசல் வையுங்கள். மூத்தவர்களிடம் 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் பற்றிக் கேளுங்கள். நாற்பதை ஒட்டியவர்களுக்கு 1993இல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை வந்த மோக்லி. இந்தி புரியாமலே பார்த்த கூட்டம் அது. முப்பதை ஒட்டியவர்களுக்கு 2007இல் வந்த சுட்டி டிவி. மைக்கை ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் முதலில் கொடுங்கள். ஆண்கள் பக்கம் போனால் திரும்பி வராது.

கடைசிப் படம் டாம் அண்ட் ஜெர்ரி. மொழி வேண்டாம், ஏழு நிமிடம். இதிலும் காலக்கணக்கு உண்டு: 1940 முதல் 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் எடுத்தவை 114, அவற்றில் ஏழு ஆஸ்கர் வாங்கின. அறுபதுகளில் வேறு கைகள் வரைந்தன, பூனையின் புருவமே மாறிப்போனது. தலைப்பு அட்டையில் தயாரிப்பாளர் பிரெட் குவிம்பி பெயர் இருந்தால் பழைய காலத்தது, அதையே தேர்ந்தெடுங்கள்.

வேட்டியை அவிழ்க்கும்போதே இரண்டு பேர் மணல் மேட்டைக் கலைத்து நிரவிவிட வேண்டும், முளையும் கயிறும் எடுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு வள்ளம் தள்ள வருகிறவர்கள் இருட்டில் அந்த வழியாகத்தான் நடப்பார்கள்.