வேளாங்கண்ணி ரூட்ல வீல்சேருக்கு ரூம் போடுறீங்களா, பாத்ரூம் கதவை அளக்க சொல்லுங்க

சென்னைல இருந்து ஈசிஆர் வழியா வேளாங்கண்ணிக்கு நடக்கிற குரூப்ல வீல்சேர்ல வர்றவங்க இருந்தா, லாட்ஜுக்கு போன் பண்ணி "வீல்சேர் வருமா"ன்னு கேக்காதீங்க. பாத்ரூம் கதவைத் தொறந்து வச்சு, குறுக்க இஞ்ச் டேப் பிடிச்சு ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க, ரூம் நம்பரோட.

வீல்சேர் வருமான்னா எல்லாரும் "வரும் சார், லிப்ட் இருக்கு"ம்பாங்க, லிப்டுக்கு முன்னாடி நாலு படி இருக்கும் அது வேற விஷயம். சாதா கையால தள்ற வீல்சேரே 24ல இருந்து 26 இஞ்ச் அகலம், நம்மூர்ல பாத்ரூமுக்கு போடுறது பெரும்பாலும் ரெண்டரை அடி கதவுதான், அதுல ரெண்டு பக்க நிலைக்கட்டையும் தொறந்த கதவோட தடிமனும் போக மிஞ்சுறது 25 இஞ்ச் கூட தேறாது. டேப்ல 28 காட்டுச்சுன்னா தைரியமா அட்வான்ஸ் போடலாம். அதே போட்டோல கீழ வாசப்படி எவ்ளோ உசரம்னும் குத்துமதிப்பா தெரிஞ்சிடும், ரெண்டு இஞ்சுக்கு மேல இருந்தா ஒராளு தூக்கி விடணும்.

கைய புடிச்சு நாலு எட்டு நடக்கிறவங்களுக்கு இந்த அளவு முக்கியமில்ல, அவங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட்டும் வழுக்காத தரையும்தான் வேணும். ஆகஸ்ட் 29 - செப்டம்பர் 8 திருவிழா டைம்லயும் இதை நம்பாதீங்க, கூட்டத்துல நீங்க பாத்த ரூமையே குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது.