தமிழ்க் குடும்பத் தொடர்களை இணையத்தில் முறையாகப் பார்ப்பது எப்படி?

விட்டுப்போன தொடரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் அதன் பெயரை மட்டும் தட்டச்சு செய்கிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. ‘எதிர்நீச்சல்’ என்று தேடினால், 1968-இல் வந்த பாலசந்தர் படமும், 2013-இல் வந்த சிவகார்த்திகேயன் படமும், 2022-இல் சன் டிவியில் தொடங்கிய தொடரும், அவற்றுக்கு நடுவே திருட்டுத் தளங்களும் கலந்து வந்து நிற்கும்.

ஆகவே முதல் படியாக, தொடர் எந்தத் தொலைக்காட்சியில், எந்த ஆண்டில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018 முதல் 2023 வரை ஓடியது; அது முடிந்த கையோடு அதே பெயரில் இரண்டாம் பாகம் தொடங்கியது.

அடுத்து, அந்தத் தொலைக்காட்சிக்குரிய செயலியைத் திறக்க வேண்டும். சன் டிவி தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட், ஜீ தமிழ் தொடர்களுக்கு ஜீ5, விஜய் டிவி தொடர்களுக்கு ஜியோஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் ஒன்றானபின் வந்த பெயர் இது என்பதால், பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம். செயலியைக் கைப்பேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் செயலிக்குள் தொடரைத் தேடி, முதல் பகுதி இருக்கிறதா, இடையில் பகுதிகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். திட்டம் எந்தக் கருவிக்கு உரியது என்பதும் முக்கியம்: அம்மா டிவியில் பார்க்கட்டும் என்று நினைத்து, கைப்பேசிக்கு மட்டுமான திட்டத்தை அவசரத்தில் வாங்கி விழித்தவன் நான். யுபிஐ வழியாகக் கட்டினால், தானாகப் புதுப்பிக்கும் அனுமதியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்று கவனியுங்கள். வேண்டாமென்றால், அதே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குச் சென்று நீக்கிவிடலாம்.

பழைய தொடர்களுக்கு வேறு வழி உண்டு. அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் சில, தங்கள் யூடியூப் சேனலிலேயே இலவசமாகப் பதிவேற்றியிருக்கின்றன. ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த ‘வாணி ராணி’ அப்படிக் கிடைப்பதுதான். எனவே தொடரின் முடிவில் ஓடும் எழுத்துகளில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைப் பிடித்து, அந்தப் பெயரில் சேனலைத் தேடுங்கள். சேனல் உண்மையானதுதானா என்று அறிய, அதே நிறுவனத்தின் பிற தொடர்களும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். படம் இடவலமாகத் திரும்பியிருப்பது, சுற்றிலும் பட்டை போட்டிருப்பது, குரல் இயல்புக்கு மாறாகக் கீச்சென்று ஒலிப்பது ஆகியவை, யூடியூபின் தானியங்கிச் சோதனைக்குத் தப்புவதற்காகத் திருட்டுப் பதிவேற்றிகள் செய்யும் வேலைகள்.

இணையதளமாக இருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. இயக்கும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புதிய விளம்பரப் பக்கம் திறந்தாலோ, கடைக்கு வெளியிலிருந்து ஒரு செயலியை நிறுவச் சொன்னாலோ, உடனே வெளியேறிவிடுங்கள். அனுமதியின்றிப் பதிவேற்றுவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அத்தகைய செயலிகள் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கேட்கக்கூடும். வங்கியின் ஓடிபி வருவதும் அங்கேதான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்ய வேண்டும். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், இந்தியாவிலுள்ள உறவினரைக் கேட்டுச் சந்தா கட்டாமல், உங்கள் நாட்டில் அந்தச் செயலி திறக்கிறதா, தொடர் அதில் தெரிகிறதா என்று பார்த்தபின் கட்டுங்கள்.