படம் ஒன்றுதான், தாள் வேறு: பழைய ஐரோப்பிய அச்சோவியங்களைப் பராமரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1669-இல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். அவர் கீறிய செப்புத் தகடுகளோ அதற்குப் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தன. 1786-இல் பாரிஸில் நடந்த ஓர் ஏலத்தில் பஸான் என்ற வணிகர் ஏறக்குறைய 80 தகடுகளை வாங்கினார். தேய்ந்த இடங்களை மறுபடி கீறச் செய்து, தொகுப்பு தொகுப்பாக அச்சிட்டு விற்றார். அவருக்குப் பின் தகடுகளை வைத்திருந்தவர்களும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சிட்டார்கள். ஆகவே, ‘ரெம்பிராண்டின் எட்சிங்’ (செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிட்ட படம்) என்று ஓர் அருங்காட்சியகத்தின் மேசைக்கு வரும் தாள், அவரே மை தடவி, துடைத்து, அச்சு உருளையில் விட்டு எடுத்ததாக இருக்கலாம். அவர் இறந்து இருநூறு ஆண்டுகள் கழித்து வேறொருவர் எடுத்ததாகவும் இருக்கலாம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் காப்பாட்சியர்கள் பெரும்பாலும் நல்ல ஓவியப் பயிற்சியுடன் வருகிறார்கள். படத்தில் என்ன இருக்கிறது, கோடு எப்படி ஓடுகிறது, ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தாளைப் பார்க்கத்தான் பழகியிருக்க மாட்டார்கள். நான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் அநேகமாக எல்லாமே இந்த ஒரு குறையிலிருந்து வருபவை.

எப்போது அச்சானது என்று கேட்காமல் விடுவது

பதிவேட்டில் ‘ரெம்பிராண்ட், 1653’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவதுதான் முதல் தவறு. 1653 என்பது தகடு உருவான ஆண்டு. தாளுக்குத் தனியாக ஒரு பிறந்த நாள் உண்டு.

அதைக் கண்டுபிடிக்க முதல் துணை காகிதம். பழைய ஐரோப்பியக் காகிதம் கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளி எடுத்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கம்பிகளின் வரிகள் நெருக்கமாகத் தெரியும். காகித ஆலையின் நீர்க்குறியும் தெரியலாம். வரியே தெரியாத, நெய்த சல்லடையில் எடுத்த வழவழப்பான காகிதம் ஐரோப்பாவில் 1750-களில்தான் வருகிறது. 1757-இல் ஆங்கிலேய அச்சகர் பாஸ்கர்வில் அச்சிட்ட, ரோமானியக் கவி வர்ஜிலின் நூல்தான் அதற்குப் பேர்பெற்ற முதல் உதாரணம். அப்படிப்பட்ட ஐரோப்பியக் காகிதத்தில் ஒரு ரெம்பிராண்ட் இருந்தால், அவர் அதைத் தொட்டிருக்கவே முடியாது. வரி தெரிந்தால் மட்டும் அது அவர் காலத்துத் தாள் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வரிக் காகிதம் அதற்குப் பிறகும் தயாரிக்கப்பட்டது. ரெம்பிராண்ட் ஜப்பானியக் காகிதத்திலும் தோலிலும்கூட அச்சிட்டிருக்கிறார். அவற்றை ஐரோப்பியக் கணக்கில் வைத்து அளக்கக் கூடாது.

அடுத்த துணை, கோட்டின் உடல்நிலை. ஊசியால் செம்பில் நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட் முறையில், கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமையைத் தரும். ஒவ்வொரு முறை உருளைக்கு அடியில் போகும்போதும் பிசிறு நசுங்கும். சில டஜன் தாள்களுக்குள் அது போய்விடும். ரெம்பிராண்டின் ‘மூன்று சிலுவைகள்’ இந்த முறையில் 1653-இல் செய்யப்பட்டது. பின்னால் அதே தகட்டை அவரே சுரண்டி, ஆட்களை அழித்து, மேலிருந்து இருள் கொட்டுவதுபோல் மாற்றினார். இரண்டு நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு படங்கள் என்றே தோன்றும். இரண்டையும் ஒரே பதிவு எண்ணில், ஒரே வர்ணனையில் அடக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

ஓவியர் இறந்தபின் மற்றவர்கள் கைவைத்த தகடுகளும் உண்டு. ரெம்பிராண்டின் மிகப் புகழ்பெற்ற ‘நூறு கில்டர் அச்சு’த் தகட்டை கேப்டன் வில்லியம் பெய்லி என்பவர் வாங்கி மறுபடி கீறி, 1775-இல் அச்சிட்டார். பிறகு தகட்டை நான்காக வெட்டி, துண்டுகளையும் தனித்தனியே அச்சிட்டார். அந்தத் துண்டுகளில் ஒன்று ஒரு சேகரிப்புக்கு வந்தால், ‘ரெம்பிராண்ட்’ என்று மட்டும் எழுதுவது உண்மையில் பாதிதான்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறையும் சொல்ல வேண்டும். ‘இறந்தபின் அச்சானது’ என்று தெரிந்ததும் அதைப் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ வரிசை 1863-இல்தான் முதல் பதிப்பாக வெளிவந்தது. அவர் இறந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. 80 தகடுகளையும் உலகம் பார்த்ததே அந்தப் பதிப்பில்தான். அதைப் போலி என்பவர் கோயாவின் பெரிய படைப்புகளில் ஒன்றையே தூக்கிப்போடுகிறார். எழுத வேண்டியது எளிது: தகடு யாருடையது, அச்சிட்டது யார், எப்போது.

உண்மையிலேயே எச்சரிக்கை தேவைப்படுவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்பட முறையில் செய்த செப்புத் தகட்டுப் பிரதிகளிடம். பாரிஸில் அமான் துராண் செய்தவை அவ்வளவு நேர்த்தியானவை. தகட்டின் அழுத்தத் தடம்கூட அவற்றில் இருக்கும். ஆகவே ‘தடம் இருக்கிறது, அப்படியானால் அசல்’ என்ற சூத்திரம் உதவாது. அவர் தம் பிரதிகளின் பின்புறம் முத்திரை குத்தினார். அந்த முத்திரையைச் சுரண்டி எடுத்தவர்களும் இருந்தார்கள். முத்திரை இருக்கக்கூடிய இடத்தில் காகிதம் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது

1515 மே மாதம் லிஸ்பனில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது. குஜராத் சுல்தான் இரண்டாம் முஸாபர் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்தது அது. கோவாவிலிருந்து கப்பலேறியது. நியூரம்பர்க்கிலிருந்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வந்து சேர்ந்த ஒரு வர்ணனையையும் கோட்டோவியத்தையும் வைத்து மரச்செதுக்காக்கினார். படத்தின் மேலே உள்ள வாசகம் அது வந்த ஆண்டை 1513 என்கிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்து விளக்க அட்டையில் போட்டால், டியூரர் காலத்துப் பிழையை அருங்காட்சியகம் வழிமொழிந்ததாகிவிடும்.

மரக்கட்டைக்கும் தகட்டைப் போலவே வயதாகும். 1620 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் யான்சன் இதே கட்டையை இன்னொரு வண்ணக் கட்டையோடு சேர்த்து அச்சிட்டார். அதற்குள் பூச்சி துளைத்திருந்தது. காண்டாமிருகத்தின் கால்களின் குறுக்கே கட்டை வெடித்திருந்தது. துளைகள் தாளில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். வெடிப்பு ஒரு வெள்ளைக் கோடாக ஓடும். இதைத் தாளின் சேதம் என்று நினைத்து மை தொட்டு நிரப்புவது பெரிய கொடுமை. அந்த வெடிப்புதான் தாள் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் சாட்சி.

படத்தின் அடியிலுள்ள லத்தீன் சொற்களில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. ‘பிங்க்ஸிட்’ என்றால் இன்னார் வண்ணத்தில் தீட்டினார். ‘இன்வெனிட்’ என்றால் கற்பனை இன்னாருடையது. ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் இன்னார் செதுக்கினார். ‘எக்ஸ்குடிட்’ என்றால் இன்னார் வெளியிட்டார். ஒரே தாளில் மூன்று பெயர் இருந்தால் மூன்றும் மூன்று வேலை. வெளியிட்டவரை ஓவியராக்கிவிட்ட அட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொல்லைச் சரியாகப் படித்தால் மட்டும் போதுமா? 1557-இல் ஆன்ட்வெர்ப்பில் ஹியரோனிமஸ் காக் வெளியிட்ட ‘பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்’ அச்சோவியத்தில், கற்பனை ஹியரோனிமஸ் பாஷுடையது என்று எழுதியிருக்கிறது. பாஷ் 1516-லேயே போய்விட்டார். படத்துக்கான மூல வரைவு வியன்னாவின் அல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது 1556-இல் பீட்டர் புரூகல் வரைந்தது. சந்தையில் பாஷின் பெயருக்கு மதிப்பு அதிகம். அதனால் வெளியீட்டாளர் அவர் பெயரைப் போட்டார்.

இன்னும் கூசாமல் செய்தவர் இத்தாலியச் செதுக்கர் மார்க்கன்டோனியோ ரைமோண்டி. டியூரரின் ‘கன்னி மரியாளின் வாழ்க்கை’ மரச்செதுக்குகளைச் செம்பில் பெயர்த்து, டியூரரின் ‘ஏ டி’ முத்திரையையும் சேர்த்தே போட்டார். முத்திரை இருப்பதால் டியூரர் என்று சொல்லிவிட முடியாது.

பட்டியல் எண்ணிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. வியன்னா அரச நூலகத்தின் அச்சோவியக் காப்பாளராக இருந்த ஆடம் பார்ச் 1803-க்கும் 1821-க்கும் இடையே 21 தொகுதிகளில் ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க ‘பா. 74’ என்பதுபோல அவருடைய எண்ணைத்தான் சொல்கிறோம். பெரும்பாலும் ஒவ்வோர் ஓவியருக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். டியூரரின் ‘மெலன்கோலியா’வும் 74. ரெம்பிராண்டுக்கென்று அவர் 1797-இல் வெளியிட்ட தனிப் பட்டியலில் ‘நூறு கில்டர் அச்சு’ம் 74. ஓவியர் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் ஓர் அட்டவணைக் கட்டத்தில் ஏற்றினால், கணினி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும்.

பின்பக்கத்தைப் புரட்டாமல் விடுவது

1806-இல் லண்டனில் சாமுவேல் உட்பர்ன் என்ற வணிகர் ஒரு ரெம்பிராண்ட் நிலக்காட்சியை விலைக்கு வாங்கினார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் படியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எடுத்துப்போனார். அங்கே அந்தப் படி இல்லை. அவர் கையில் இருந்ததே அதுதான்! விற்றவர் ராபர்ட் டைட்டன். கேலிச்சித்திரம் போடும் ஓவியர். காப்பாளரின் நட்பைப் பிடித்து, தாள்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோயிருந்தார். திருடிய தாள்களில் தம் சொந்த முத்திரையையும் குத்தி வைத்தார். என்னென்ன இருந்தது என்று சொல்ல முழுமையான பட்டியலும் அருங்காட்சியகத்திடம் இல்லை. காப்பாளர் வேலை இழந்தார். 1808-இல் அச்சோவியங்களுக்கென்று தனித் துறை அமைந்தது இதன் விளைவாகத்தான். இன்று அந்தத் துறையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சோவியங்கள் உள்ளன.

பழைய சேகரிப்பாளர்கள் தாளின் ஓரத்திலோ பின்புறத்திலோ சின்ன முத்திரை குத்துவது வழக்கம். டச்சு சேகரிப்பாளர் ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921-இல் அவற்றையெல்லாம் தொகுத்து எண் கொடுத்தார். முத்திரை, பென்சில் கிறுக்கல், பழைய விலை, ஒட்டிக் கிழிந்த தடம் எல்லாம் சேர்ந்தது தாளின் வம்ச வரலாறு. ‘சுத்தம் செய்கிறேன்’ என்று பென்சில் எழுத்தை அழிப்பவரையும், பின்பக்கத்தைப் படமெடுக்காமலே முழுத் தாளையும் அட்டையில் ஒட்டிவிடுபவரையும் இந்த வேலைப் பக்கமே விடக்கூடாது.

பராமரிப்பில் நல்லெண்ணத்தால் வரும் கேடு

செலோடேப்பை எங்கேயும் நெருங்கவிடாதீர்கள். அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி மஞ்சள் பாரிக்கும். தாளை மேல் ஓரத்தில் மட்டும், ஜப்பானியக் காகிதத் துண்டையும் கோதுமை மாவுச்சத்துப் பசையையும் கொண்டு, அமிலமில்லா அட்டையில் தொங்கவிட வேண்டும். ஈரப்பதம் ஏறும்போது காகிதம் விரியும். நான்கு பக்கமும் ஒட்டினால் அது அலையலையாய்ப் புடைத்துக்கொள்ளும்.

சுருக்கம் எடுக்கிறேன் என்று சூடாக அழுத்தித் தட்டையாக்குவது வேறொரு கேடு. செப்புத் தகட்டு அச்சில் மை தாளின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். தகட்டின் ஓரம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அழுத்தினால் இரண்டும் போய்விடும்.

பழுப்புப் புள்ளி போக வெளுப்பது முன்பு சாதாரணம். தாள் வெள்ளையாகும், கூடவே பலமும் இழக்கும். கந்தல் காகிதத்தின் இயல்பான நிறம் தும்பைப்பூ வெள்ளை அல்ல, இளமஞ்சள் சாயல் கொண்டது. அதை அப்படியே விடுங்கள்.

கையுறை பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பருத்திக் கையுறை படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் விரலின் உணர்வை மழுக்கி, ஓரக் கிழிசலில் மாட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவி, துடைத்து உலர்த்திய கைதான் காகிதத்துக்குப் பாதுகாப்பு. இரண்டு கையாலும், முடிந்தால் அடியில் ஓர் அட்டையோடு தூக்குங்கள்.

வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது பொது விதி. சில மாதம் காட்சியில் வைத்துவிட்டு, சில ஆண்டு பெட்டிக்குள் ஓய்வு கொடுப்பது வழக்கம். ‘கறுப்பு மை மங்காதே’ என்று சிலர் வாதிடுவார்கள். கரி மை மங்காது, உண்மைதான். அதைத் தாங்கும் காகிதம்தான் பழுத்து நொறுங்கும்.

கையால் வண்ணம் தீட்டிய அச்சோவியமென்றால் நிலைமை இன்னும் மோசம். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93-இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து வரைந்த மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும், 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான 144 அக்வாடின்ட் (செப்புத் தகட்டில் நீர்வண்ணம்போன்ற நிழல் சாயல்களைத் தரும் முறை) அச்சுகளில் இடம்பெற்றன. அச்சிட்டபின் கையால் நீர்வண்ணம் பூசியவை அவை. தொகுப்பிலிருந்து பிரித்து, சட்டம் போட்டு, ஜன்னல் வெயில் விழும் சுவரில் மாட்டப்பட்டவை ஏராளம். அப்படி ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், ‘ஓவியர் மென்மையான வண்ணங்களைத் தேர்ந்திருக்கிறார்’ என்று குறிப்பெழுதும் முன் சட்டத்தைக் கழற்றுங்கள். ஜன்னல் வெட்டிய அட்டை படத்தின் விளிம்பின் மேல் ஏறியிருந்தால், அதன் அடியில் விரல்கடை அகலத்தில் ஒரு பட்டை வெளிச்சம் படாமல் தப்பியிருக்கும். தஞ்சை வானம் லண்டனிலிருந்து புறப்பட்டபோது என்ன நிறத்தில் இருந்தது என்பது அந்தப் பட்டையில் தெரியும்.