ஐஇபி மீட்டிங்குக்குப் பள்ளியின் வக்கீல் வந்தால்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ டிஸ்லெக்ஸியாவோ இருந்து, ஐஇபி (அந்தப் பிள்ளைக்கென்று ஸ்கூல் எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) விஷயத்தில் ஸ்கூலோடு இழுபறி ஆரம்பித்துவிட்டது என்றால் மேலே படியுங்கள். மீட்டிங் அழைப்பில் வருகிறவர்கள் பட்டியலைப் பார்க்கிறீர்கள். டீச்சர், சைக்காலஜிஸ்ட், பிரின்சிபால், கடைசியில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வக்கீல். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும், இயல்புதான். ஆனால் அவர் அன்றைக்குத்தான் புதிதாக உள்ளே வருகிறார் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு வந்த படிவங்களின் வாசகம், மறுப்புக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் இருப்பது, சில விஷயங்களை மெயிலில் எழுதாமல் போனில் மட்டும் பேசுவது, இதிலெல்லாம் அவருடைய யோசனை எப்போதோ கலந்திருக்கலாம்.

அவருடைய கட்சிக்காரர் யார் என்பதில் தெளிவாக இருங்கள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான். டீச்சர் அவருடைய கட்சிக்காரர் இல்லை, உங்கள் பிள்ளை நிச்சயமாக இல்லை. எவ்வளவு தன்மையாகப் பேசினாலும் அவர் உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நீங்கள் உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொண்டால், அதற்கப்புறம் இந்த வழக்கு விஷயமாக அவர் உங்களோடு நேரடியாகப் பேசக்கூடாது, உங்கள் வக்கீலோடுதான் பேச வேண்டும்.

(நான் வக்கீல் இல்லை. கீழே இருப்பதில் பெரும்பாலானவை மத்திய சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் நாள் கணக்கு மாறும், உங்கள் மாநிலக் கல்வித் துறை தரும் பெற்றோர் உரிமைக் கையேட்டை ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.)

எந்தச் சட்டம்

இரண்டு சட்டங்கள் போதும். ஒன்று ஐடிஇஏ, குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான மத்தியச் சட்டம். 1975-ல் வேறு பெயரில் வந்து, 1990-ல் இந்தப் பெயர் பெற்று, 2004-ல் திருத்தப்பட்டது. தகுதியுள்ள பிள்ளைக்கு 3 வயதிலிருந்து 21 வயது வரை இலவசமான, பொருத்தமான கல்வி தர வேண்டும் என்கிறது, ஐஇபி என்ற திட்டம் இதன் கீழ்தான் எழுதப்படுகிறது. இன்னொன்று 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் (ரிஹாபிலிடேஷன் ஆக்ட்) 504-ஆம் பிரிவு. ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையில்லை, பரீட்சையில் கூடுதல் நேரம், முன் வரிசையில் இடம் மாதிரி வசதிகள் போதும் என்றால் இது. ஐஇபி கேட்டவர்களுக்கு 504 கொடுத்து அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. 504-ல் பெற்றோருக்கு உள்ள பாதுகாப்பு குறைவு, அதனால் காரணம் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

விசா பயம் வேண்டாம். 1982-ல் பிளைலர் எதிர் டோ என்ற டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு குழந்தைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆவணமே இல்லாத பிள்ளைக்கே அந்த உரிமை உண்டு என்றால் எச்4-ல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் உங்கள் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை.

முதல் மெயில்

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். டீச்சரைப் பார்க்கிங்கில் பார்த்துப் பேசுவோம், பேரண்ட் டீச்சர் மீட்டிங்கில் சொல்வோம், அவர்களும் "நாங்கள் கவனிக்கிறோம்" என்பார்கள், ஒரு வருஷம் ஓடிவிடும். பேச்சுக்குச் சட்டத்தில் கணக்கில்லை. பின்னால் ஒரு விசாரணை அதிகாரி கேட்கப்போவது "எந்தத் தேதியில் எழுத்தில் கேட்டீர்கள்" என்பதைத்தான்.

பிரின்சிபாலுக்கும் டிஸ்ட்ரிக்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் இயக்குநருக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. என்ன கவலை என்று நாலைந்து வரி, முடிந்தவரை பார்த்ததை அப்படியே எழுதுங்கள், வாசிக்கும்போது எழுத்தை மாற்றுகிறான், மதியத்துக்கு மேல் வகுப்பில் உட்காரவே மாட்டேன் என்கிறாள், இப்படி. அப்புறம் ஐடிஇஏ சட்டப்படி முழு மதிப்பீடு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள், சந்தேகத்துக்குரிய எல்லாப் பகுதியிலும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்கான ஒப்புதல் படிவம் எப்போது வரும் என்று கடைசி வரியில் கேளுங்கள். இந்தக் கடைசி வரி முக்கியம், ஏனென்றால் மதிப்பீட்டை முடிக்க மத்தியச் சட்டம் வைத்த 60 நாள் கெடு நீங்கள் கேட்ட நாளிலிருந்து ஓடாது, ஒப்புதல் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும். படிவம் வராமலே இருந்தால் கடிகாரமே தொடங்காது. கலிபோர்னியாவில் மதிப்பீட்டுத் திட்டத்தை 15 நாளில் தர வேண்டும். டெக்சாஸில் எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் பதில், ஒப்புதலுக்குப் பிறகு பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை.

"முதலில் இன்டர்வென்ஷன் கொடுத்துப் பார்க்கிறோம், அப்புறம் மதிப்பீடு" என்று பதில் வரலாம். இன்டர்வென்ஷன் என்றால் பிள்ளைக்கு வகுப்பில் தரும் கூடுதல் பயிற்சி. கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. டெக்சாஸ் கதை தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்கும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது போல ஒரு அளவுகோலை 2004-லிருந்து மாநிலமே வைத்திருந்தது, ஹூஸ்டன் கிரானிக்கிள் 2016-ல் அதை வெளியே கொண்டுவந்தது, 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை இது சட்டமீறல் என்று அறிவித்தது. டீச்சர் நல்லவராக இருப்பதும் உங்கள் பிள்ளைக்குச் சேவை கிடைப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வீட்டில் தமிழ் பேசுவதைச் சொல்லி மழுப்பினால்

இது நமக்கென்றே வரும் சிக்கல். பிள்ளை பேசத் தாமதிக்கிறது என்றால் "வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், ஆங்கிலம் பழகட்டும், பார்ப்போம்" என்பார்கள். சில இடங்களில் தமிழையே நிறுத்தச் சொல்வார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள், இரண்டு மொழி கேட்பது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஆங்கிலம் போதாமை மட்டுமே முக்கியக் காரணமாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் குறைபாடுள்ளது என்று முத்திரை குத்தக்கூடாது, சரி. அதே சட்டம், மதிப்பீட்டைப் பிள்ளையின் தாய்மொழியில், துல்லியமான தகவல் கிடைக்கும் விதத்தில், நடைமுறையில் முடிந்தவரை செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளரையோ, அப்படி ஒருவர் இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரோடு செய்வதையோ எழுத்தில் கேளுங்கள். தமிழில் வாக்கியம் அமைக்கிறானா, பாட்டி சொல்லும் கதை புரிகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் இரண்டு மொழியிலும் அதே தடுமாற்றம் என்றால் "ஆங்கிலம் பழகட்டும்" என்ற வாதம் நிற்காது.

மீட்டிங்கில் உங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், செலவு ஸ்கூலுடையது. ஐடி வேலையில் தினமும் ஆங்கிலத்தில் பேசுகிறவர் கூட, ஸ்பெஷல் எஜுகேஷன் வார்த்தைகள் சரமாரியாக வரும்போது திணறுவார். அம்மா ஒருவர்தான் மீட்டிங்குக்குப் போகிறார், அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் கேட்டுவிடுங்கள்.

மீட்டிங்குக்கு முன்

பிள்ளையின் கோப்பு முழுவதையும் கேளுங்கள். 45 நாளுக்குள் காட்ட வேண்டும், அதைவிட முக்கியமாக, ஐஇபி மீட்டிங் நெருங்கினால் அதற்கு முன்பே காட்ட வேண்டும். வக்கீலோடு டிஸ்ட்ரிக்ட் பேசிய ரகசியக் கடிதங்கள் கிடைக்காது, பரீட்சைத் தாள், முன்னேற்ற அறிக்கை, தெரபி பதிவேடு கிடைக்கும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அவர்கள் செய்த மதிப்பீடு பிடிக்கவில்லையா? டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளியாள் மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு. காரணம் கேட்பார்கள், சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்டபின் டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டே வழி: பணம் கொடுப்பது, அல்லது தங்கள் மதிப்பீடு சரியானது என்று நிரூபிக்கத் தாங்களே விசாரணைக்கு மனு போடுவது. பேசாமல் இருப்பது மூன்றாவது வழி இல்லை. நிறையப் பெற்றோர் இதைத் தெரியாமல் கைக்காசு போட்டுவிடுகிறார்கள்.

வக்கீல் வருகிறாரா என்று முன்கூட்டியே மெயிலில் கேளுங்கள். ஐஇபி மீட்டிங்குக்கு வக்கீல்கள் வருவதைச் சட்டம் தடை செய்யவில்லை, ஆனால் மத்தியக் கல்வித் துறை அதை ஊக்குவிப்பதில்லை, மீட்டிங் சண்டைக்களமாகிவிடும் என்பதால். வருகிறார் என்றால், நீங்களும் ஒருவரை அழைத்துவர வேண்டும், வேறு தேதி கொடுங்கள் என்று கேட்கலாம், மீட்டிங் நேரம் இரு பக்கத்துக்கும் ஒத்துவர வேண்டும் என்பது விதி. வக்கீல்தான் வேண்டுமென்றில்லை, அனுபவமுள்ள அட்வகேட் போதும் (இங்கே அட்வகேட் என்றால் வக்கீல் இல்லை, ஸ்பெஷல் எஜுகேஷன் விஷயத்தில் பெற்றோருக்குத் துணையாகப் பேசுகிறவர்). ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் ஒன்றாவது உண்டு, அவர்களிடம் காசில்லாமல் உதவி கேளுங்கள்.

ரெக்கார்டு செய்ய நினைத்தால் மாநில விதியைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 24 மணி நேரம் முன்பு சொல்லிவிட்டால் பெற்றோர் ஒலிப்பதிவு செய்யலாம். போனைப் பாக்கெட்டில் மறைத்து வைத்துப் பதிவு செய்வது சில மாநிலங்களில் குற்றம்.

மீட்டிங்கில்

வக்கீலிடம் வாதாடாதீர்கள். கேள்வியை டீச்சரிடமும் சைக்காலஜிஸ்டிடமும் கேளுங்கள், பிள்ளையைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். "ஓரளவு முன்னேற்றம் இருக்கிறது" என்று சொன்னால் எண்ணில் கேளுங்கள்: செப்டம்பரில் நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை வாசித்தான், இப்போது எத்தனை? கொலராடோவின் டக்ளஸ் கவுண்டி பள்ளி டிஸ்ட்ரிக்ட் மீது ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ என்ற மாணவனின் பெற்றோர் தொடர்ந்த வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று ஒருமனதாகச் சொன்னது இதுதான்: பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும். போன வருஷ இலக்கையே தேதி மாற்றி இந்த வருஷமும் ஒட்டியிருந்தால், எண்ட்ரூவின் பெற்றோர் காட்டிய குறையும் அதேதான்.

ஏதாவது ஒன்றை மறுத்தால், "இதை முன்னறிவிப்புக் கடிதமாக எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். என்ன மறுத்தார்கள், ஏன், எந்தத் தகவலை வைத்து, வேறு என்ன வழிகளை யோசித்தார்கள் என்று எழுதித் தருவது சட்டக் கடமை. வாயால் சுலபமாகச் சொன்ன "முடியாது" எழுத்தில் வரும்போது பல தடவை "பார்க்கலாம்" ஆகிவிடும், வக்கீல் அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்ப்பார் இல்லையா.

அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வந்ததற்கான கையெழுத்து வேறு, ஒப்புதல் கையெழுத்து வேறு, எதில் போடுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் ஐஇபி உங்கள் ஒப்புதல் இல்லாமல் தொடங்காது. அடுத்தடுத்த வருஷங்களில் பல மாநிலங்களில் நீங்கள் எதிர்க்காவிட்டால் அதுவாகவே அமலாகிவிடும், அதனால் வீட்டுக்கு வந்ததும் எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று மெயில் போடுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால்

மூன்று வழி. மாநிலக் கல்வித் துறைக்குப் புகார்: வக்கீல் வேண்டாம், செலவில்லை, நடந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், 60 நாளில் முடிவு. ஐஇபியில் எழுதிய தெரபி நேரத்தைக் கொடுக்கவே இல்லை மாதிரியான வெளிப்படையான மீறலுக்கு இதுதான் சிறந்தது என்பேன். இரண்டாவது மத்தியஸ்தம், இதுவும் இலவசம், இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். மூன்றாவது டியூ பிராசஸ் விசாரணை, ஒரு விசாரணை அதிகாரி இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது, கிட்டத்தட்ட கோர்ட் மாதிரி.

விசாரணைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு வருஷக் காலவரம்பு. பெற்றோர் மனு போட்ட 15 நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் உங்களோடு ஒரு சமரசக் கூட்டம் நடத்த வேண்டும், இங்கே ஒரு நல்ல விதி: நீங்கள் வக்கீல் அழைத்துவராவிட்டால் அவர்களும் அழைத்துவரக்கூடாது. வழக்கு முடியும்வரை பிள்ளை இப்போது இருக்கும் ஏற்பாட்டிலேயே தொடரும், அதை மாற்ற முடியாது, சில விதிவிலக்கு தவிர.

மனு போடுவதற்கு முன் பணக் கணக்கையும் பாருங்கள். ஜெயித்தால் வக்கீல் ஃபீஸை டிஸ்ட்ரிக்டிடம் கேட்கலாம். ஆனால் நிபுணர் சாட்சியின் கட்டணம் கிடைக்காது, 2006-ல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. விசாரணைக்கு 10 நாளுக்கு மேல் இருக்கும்போது டிஸ்ட்ரிக்ட் எழுத்தில் ஒரு சமரசம் முன்வைத்து, நீங்கள் 10 நாளில் ஏற்காமல், கடைசியில் அதைவிட நல்ல தீர்ப்பும் கிடைக்காவிட்டால், அந்த நாளுக்கு அப்புறமான ஃபீஸ் பொதுவாகக் கிடைக்காது. அதனால் அப்படி ஒரு மெயில் வந்தால் கோபத்தில் டெலீட் செய்யாமல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு வழக்குப் போட்டவர் மேல் என்பது 2005 தீர்ப்பு. நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் மாநிலச் சட்டம் அதைப் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் மேல் வைத்திருக்கிறது, நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

பெரும்பாலான சண்டைகள் தீர்ப்பு வரை போகாமல் ஒப்பந்தத்தில் முடியும். அந்தத் தாளை எழுதுவது டிஸ்ட்ரிக்ட் வக்கீலாகத்தான் இருக்கும். கடந்த காலக் கோரிக்கைகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி வரும், அது எந்தத் தேதிவரை என்று பாருங்கள், வருங்காலத்தையும் சேர்த்திருந்தால் அடித்துத் தரச் சொல்லுங்கள். வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அடுத்த ஸ்கூலுக்கும் டாக்டருக்கும் சொல்ல விலக்கு கேளுங்கள். தெரபிக்குப் பணம் தருகிறோம் என்றால் எத்தனை மணி நேரம், யாரிடம், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், வேறு டிஸ்ட்ரிக்டுக்கு வீடு மாறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதுவரை வக்கீல் இல்லாமலே வந்திருந்தாலும், இந்தத் தாளை மட்டும் ஸ்பெஷல் எஜுகேஷன் வழக்கு பார்க்கும் ஒருவரிடம் மணிக்கணக்கில் காசு கொடுத்தாவது காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.