கிளட்ச் உதறுதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

மே மாதம் கோடை விழா நேரத்தில் ஏற்காடு ஏறியவர்களுக்குத் தெரியும், அடிவாரம் தாண்டியதும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹாஃப் கிளட்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடியே) ஊர்ந்து போய் மேலே சேர்வதற்குள் எரிந்த வாடை வந்துவிடும். மறுநாள் சேலத்தில் முதல் கியர் போட்டுக் கிளம்பினால் வண்டி உடம்பெல்லாம் உதறும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கிளட்ச் செட் போச்சு, மாத்திடுங்க." மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் காரில் அது பெரிய செலவு. நான் அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு முறை பணத்தை விட்டிருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, உதறல் எப்போது வருகிறது என்று பார்க்காமலே வண்டியைக் கொண்டுபோய் விடுவது. கிளட்ச் உதறல் என்றால் பெடலை விடும்போது, கிளட்ச் பிளேட் பிளைவீலை (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) கவ்வும் அந்த ஓரிரண்டு நொடியில்தான் வரும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் நன்றாகத் தெரியும், காலை முழுசாக எடுத்ததும் நின்றுவிடும். அறுபதில் போகும்போது ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஆடுகிறது என்றால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்டைப் பாருங்கள். நியூட்ரலில் நிற்கும்போதே இன்ஜின் துடித்தால் அது மிஸ்ஃபயராக (ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது) இருக்கலாம். இன்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது வழுக்கல், வேறு கதை. இன்னொன்று, ராத்திரி முழுக்க ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் நின்ற வண்டி காலையில் லேசாக உதறும். பிளைவீல் முகத்தில் பிடித்த மெல்லிய துரு அது, நாலைந்து முறை கிளம்பி நின்றால் தேய்ந்து போய்விடும். அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

அடுத்தது இன்ஜின் மவுண்டிங், அதாவது இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் பிடிமானம். நான் ஏமாந்தது இங்கேதான். முழு செட்டும் மாற்றி, பணமும் கட்டி, ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்து அஸ்தம்பட்டி சிக்னலில் நின்று கிளம்பினால் அதே உதறல்! அப்புறம் நண்பர் ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டே முதல் கியரில் கிளட்சை மெதுவாகக் கவ்வும் வரை மட்டும் விடச் சொன்னேன், பிறகு ரிவர்ஸில். பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்த்தேன் (வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்கவே கூடாது). முதல் கியரில் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தது, ரிவர்ஸில் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. டார்ச் அடித்தால் மவுண்டிங் ரப்பர் நகம் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. ஐந்து நிமிட வேலை, இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

சரி, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றானால், வெறும் பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். பிளைவீல் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சூடேறிய இடம் நாணயம் அளவில் நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்த இடம் இறுகிப்போய்விட்டது, பக்கத்து இடம் மாதிரி பிடிக்காது, புது பிளேட் போட்டாலும் விட்டு விட்டுத்தான் கவ்வும். ஒரே துண்டாக வரும் சாதாரண பிளைவீலை கிரைண்டிங் செய்து சமப்படுத்தலாம். லேத்தில் கொடுத்தால் அந்த இறுகிய திட்டில் டூல் ஏறி இறங்கி மேடு அப்படியே நிற்க வாய்ப்பு உண்டு. நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாக வரும் டூயல் மாஸ் பிளைவீலில் இந்த வேலையே கூடாது, அதில் ஆட்டம் எவ்வளவு என்று கம்பெனி சொன்ன அளவோடு ஒப்பிட்டு, மீறினால் மாற்றுவதுதான் வழி.

எண்ணெய்க் கசிவையும் பலர் கவனிப்பதில்லை. பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) ஈரம் இருந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், அதாவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் (எண்ணெயைத் தடுக்கும் வளையம்) கசிகிறது. கறுத்த இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். சீலை விட்டுவிட்டு பிளேட்டை மாற்றினால் புதுசும் நனையும். எண்ணெய் ஊறிய பிளேட்டை பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள், சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வந்துவிடும்.

மாட்டும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். ஸ்ப்லைனில் (பிளேட் ஏறி உட்காரும் ஷாஃப்ட்டின் பல் வரிகள்) கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும், அப்பினால் சுற்றும்போது பிளேட்டில் தெறிக்கும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கியர்பாக்ஸின் எடையை பிளேட்டின் நடு ஹப்பில் தொங்க விட்டால் அது வளைந்துவிடும், அப்புறம் எல்லாம் புதுசாக இருந்தும் உதறும்.

புது செட் போட்ட கையோடு மலைக்குப் போகாதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, நின்று நின்று நிதானமாக ஓட்டிப் படிய விடுங்கள். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் பழைய உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பந்தயத்துக்குப் போடும் செராமிக் பிளேட் போட்டாரா? போட்டிருந்தால் கிளம்பும்போது உதறுவது அந்தப் பிளேட்டின் சுபாவம், அதில் தேடிப் பிடிக்க எந்தக் கோளாறும் இருக்காது.